மார்கழிக்கு முன் எழுதிய கடிதம்

மார்கழி இந்த மலைக்கு வானிலிருந்து இறங்குவதில்லை. பள்ளத்திலிருந்து ஏறி வருகிறது. முதலில் ஓடையை மூடுகிறது. பிறகு தேயிலை நிரைகளை ஒவ்வொன்றாகத் தனக்குள் வாங்கிக்கொண்டு, விடியும் பொழுதில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்களில் வந்து நிற்கிறது. மூன்று மாதம் பெய்த மழை ஓய்ந்தும் ஓயாமலும் தகரக் கூரைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும். கொழுந்து துளிர்க்கத் தயங்கும். தொழிற்சாலைச் சங்கின் ஓசைகூட ஈரத் துணியில் பொதிந்தது போல மெலிந்து வரும். இந்த முப்பது நாளும் மலையே நோன்பிருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நோன்பிருப்பவரிடம் உரக்கப் பேசக் கூடாது. அதனால்தான் நானும் மெதுவாகப் பேசுகிறேன். நீங்கள் தவறாக எண்ண வேண்டாம்.

தேநீர் ஆறிவிடப் போகிறது, குடியுங்கள். சர்க்கரை போதவில்லையென்றால் சொல்லுங்கள். ஈப்போவிலிருந்து அத்தனை வளைவு ஏறி வந்திருக்கிறீர்கள். உங்கள் தாயார் படுக்கையில் இருக்கிறார், அவரை விட்டுவிட்டு வந்தது மனத்தை உறுத்துகிறது என்று வாசலில் நின்று சொன்னீர்கள். அந்த உறுத்தலை நான் நன்கு அறிவேன். என் தொழிலே அந்த உறுத்தலை ஆற்றுவதுதான்.

என் பெயர் நாகரத்தினம். நீங்கள் கொண்டுவந்திருக்கும் காப்புறுதிப் பத்திர நகலில் இருப்பது அதுதான். தொழில் என்ற இடத்தில், 'சுயதொழில், நோயாளிகளுக்குத் துணை' என்று முகவர் ரெங்கசாமி எழுதினார். இருபது ஆண்டு இந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்தேன். கணவர் காலமான பின், என் முழங்காலும் சரிவில் நிற்க மறுத்த பின், கூடையை இறக்கி வைத்தேன். நோயில் கிடப்பவர்களின் வீட்டார் வேலைக்குப் போகவும், ஒரு கல்யாணத்துக்குப் போய்வரவும், ஒன்றுமில்லாவிட்டால் சற்றுக் கண்ணயரவும் அவர்களுக்குப் பதிலாக நான் உட்கார்ந்திருப்பேன். கஞ்சி ஊட்டுவேன், புரட்டிப் படுக்க வைப்பேன், பதிகம் பாடுவேன். இதற்கு ஒரு பெயர் உண்டு என்பதே ரெங்கசாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நீங்கள் கேட்க வந்தது சிவசாமி ஐயாவைப் பற்றி. அங்கேதான் வருகிறேன்.

ஐயா இந்தத் தோட்டத்து அலுவலகத்தில் முப்பது ஆண்டு கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். எழுபத்தொன்பதாம் ஆண்டில் வாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் போயிற்று. தோட்டத்து மேலாளரான துரை பெருந்தன்மையாகப் பழைய கிராணி வீட்டையே அவருக்கு விட்டுவைத்தார். உடன் இருந்தது ஒரே மகள் அம்சவல்லி, தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவள் பள்ளிக்குப் போகும் நேரத்துக்காக எண்பதாம் ஆண்டு பொங்கல் கழிந்து என்னை அழைத்தாள்.

முதல் நாள் ஒரு பழம்பாடலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடினேன். மூன்றாவது அடியில் ஒரு சீரை மாற்றிப் பாடிவிட்டேன். அவருடைய இடக்கை ஆள்காட்டி விரல் போர்வையின் மேல் எழுந்து நின்றது. எனக்குப் புரியவில்லை. அந்த அடியை மீண்டும் பாடினேன். விரல் மீண்டும் எழுந்தது. சீரைத் திருத்திப் பாடியபோதுதான் அது படிந்தது. என் கணவர் இருபத்திரண்டு ஆண்டு என்னோடு வாழ்ந்தவர். என் பாட்டில் பிழை இருக்கக் கூடும் என்பதே அவருக்குத் தெரியாது. ஐயா ஒரே நாளில் கண்டுகொண்டார்.

அதன் பிறகு மூன்றரை ஆண்டு எங்கள் பேச்சு அந்த விரல்தான். நான் பாடுவேன், அவர் கேட்பார், பிழைத்த இடத்தில் விரல் எழும். மாலையில் நாற்காலியை வாசலுக்குத் தள்ளிவந்து, பள்ளத்தில் பனி நிறைவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். தச்சர் ராமையா செய்து கொடுத்த நாற்காலி அது. துரை பங்களாவில் பழையதாகிப் போன குழந்தைத் தள்ளுவண்டியின் சக்கரங்களை அதற்கு மாட்டியிருந்தார். நிறுத்தும் விசை கிடையாது. அது உருளாதிருக்க, சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு மரக்கட்டைகளை அண்டை கொடுப்போம். மழைநீர் ஓடுவதற்காக அந்த வாசல் சிமெண்டைச் சாய்த்துப் பூசியிருப்பார்கள். வாசல் முடியும் இடத்திலிருந்து தேயிலைக்கு இறங்க இருபத்திரண்டு கற்படிகள். கட்டைகளை மட்டும் நம்பி நான் ஒருநாளும் இருந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் காலைச் சக்கரத்தின் மேல் வைத்துக்கொள்வேன். பாடும்போதும் அந்தக் கால் அங்கேயே இருக்கும்.

ரெங்கசாமி வந்தது எண்பத்திரண்டில். மோட்டார் சைக்கிளை லயத்து முனையில் நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே பேசத் தொடங்கினார்.

"அக்கா, நீங்க பாட்டுக்கு ஊட்டி விடுறீங்க. கஞ்சி பொரையேறிப் போச்சுன்னு வைங்க. நாளைக்கு அந்த வீட்டுக்காரங்க கேஸ் போட்டா யாரு பதில் சொல்றது? மாரியாத்தா வந்து கோர்ட்டுல நிக்குமா?"

"வாயக் கழுவுங்க தம்பி."

"கழுவிட்டுத்தான் வந்தேன் லா. இந்தாங்க, எழுத்தப் படிங்க. ஒங்கள மாதிரி சொந்தமா ஆள் பாத்துக்கிறவங்களுக்குன்னே போட்ட இன்சூரன்ஸ்."

இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். என் கவனக்குறைவால் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பேற்கும். என்னால் போக முடியாத நாளில் எனக்குப் பதிலாகப் போகும் ஒருவருடைய பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். எது நேர்ந்தாலும் பதினான்கு நாளுக்குள் என் கைப்பட எழுதித் தெரிவிக்க வேண்டும். மாற்று ஆளின் கவனக்குறைவால் நேர்ந்ததென்றால் அந்த ஆளின் பெயர் உடனே நீக்கப்படும். பிறகு இத்தகைய பத்திரம் எதிலும் அந்தப் பெயர் ஏறாது. நல்ல தமிழில் எழுதப்பட்ட சட்டம் போல் இருந்தது எனக்கு. பத்திரத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, அதோ, அந்த அம்மன் படத்தின் அடியில் வைத்தேன். இன்றும் வெள்ளிதோறும் அதற்குச் சேர்த்துத்தான் தீபம் காட்டுகிறேன்.

அம்சவல்லிக்கும் அது பிடித்துப்போயிற்று. "இதுதான்க்கா சரி. இனிமே பேப்பர்ல பேரு உள்ளவங்கதான் அப்பாவைத் தொடணும்" என்றாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு வைத்திருப்பவள். எல்லாம் ஏட்டில் இருக்க வேண்டும் அவளுக்கு.

மாற்று ஆளாக வேலம்மாவைத் தேர்ந்தெடுத்தது நான்தான். கம்போங் ராஜாக்காரி, இருபத்தெட்டு வயது. கணவன் கருப்பையா காய்கறி லோரி ஓட்டுகிறான். அதற்கு முன் அவள் கியா பார்மில் சாலையோரக் கடையில் முட்டைக்கோசு விற்றுக்கொண்டிருந்தாள். கை சுத்தமானவள், பொறுமைசாலி, வாய்தான் ஓயாது. அவளுக்கு ஒரு பதிகம்கூடத் தெரியாது. அதைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவள் பெயரைப் பத்திரத்தில் எழுதச் சொன்னேன். பொறாமை என்று உங்கள் தாளில் எழுதுகிறீர்கள் போலிருக்கிறது. அந்தச் சொல் வேண்டாம். அது நிலத்துக்கு அடித்துக்கொள்ளும் பங்காளிகளுக்கு உரியது.

சென்ற ஆடியில் எனக்குப் பித்தப்பையில் கல் என்று தானா ராத்தா மருத்துவமனையில் சேர்த்தார்கள். பன்னிரண்டு நாள் நான் ஐயாவிடம் போகவில்லை. அத்தனை நாளும் வேலம்மா போனாள்.

பதின்மூன்றாம் நாள் காலை, தையல் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கும்போதே, ஏறிப் போனேன். கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"ஐயா, வாயத் தொறங்க. மாட்டீங்களா? சரி, நா கம்போங் ராஜாவுக்கே போறேன். அங்க முட்டக்கோசுகூட நா சொன்னா கேக்கும்."

அதற்கு ஒரு குரல் பதில் சொன்னது. துருப்பிடித்த கீல் திறப்பது போன்ற குரல்.

"போடி."

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். வேலம்மா என்னைக் கண்டு கிண்ணத்தோடு ஓடிவந்தாள். "அக்கா, கேட்டீங்களா? ஒரு வாரமா இதேதான். ஒரு நாளைக்கு நாப்பது 'போடி' வாங்குறேன் லா. எங்க வீட்டுக்காரர்கூட இவ்ளோ திட்டுனதில்ல." ஐயா சிரித்தார். ஒரு பக்க உதடு மட்டும் ஏறிய சிரிப்பு. அவருக்குப் பற்கள் அத்தனை ஒழுங்கானவை என்று அன்றுதான் கண்டேன்.

மூன்றரை ஆண்டு. வாய் திறக்க வேண்டிப் பாடும் பதிகத்தை நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து அவருக்காகப் பாடியிருக்கிறேன். அந்தப் பலன் கனிந்து விழும் நேரத்தில் நான் மருத்துவமனையில் கிடந்தேன். மரத்தடியில் யார் நின்றார்களோ அவர்கள் மடியில் விழுந்தது. அவ்வளவுதான் நடந்தது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அன்று பிற்பகல் அவள் போன பிறகு பாட உட்கார்ந்தேன். ஒரு சோதனை செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது அடியில், முதல் நாள் பிழைத்த அதே இடத்தில், வேண்டுமென்றே சீரை மாற்றிப் பாடினேன். விரல் எழவில்லை. மீண்டும் பாடினேன். எழவில்லை. அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அம்சவல்லி என்னைத் தனியே அழைத்தாள். "அக்கா, ஒங்களுக்கும் ஒடம்பு முடியல. வாரத்துல மூணு நாள் வேலம்மா வரட்டுமே. அப்பா சிரிக்கிறாருக்கா. நா எத்தன வருசமாச்சு அதப் பாத்து." கண் கலங்கினாள். "நல்லதும்மா" என்றேன். மூன்று நாள், ஐப்பசியில் நான்கு நாள் ஆயிற்று.

ரெங்கசாமியிடம், மாற்று ஆளின் பெயரை எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஏன்க்கா, சண்டையா?"

"சண்ட ஒண்ணும் இல்ல."

"காரணம் இல்லாம எடுக்கணும்னா பத்திரம் புதுப்பிக்கையிலதான். அதுக்கு இன்னும் ஒரு வருசம் கெடக்கு. எதாச்சும் ஒண்ணு நடந்தாதான் ஒடனே எடுப்பான்" என்று சொல்லிவிட்டு, மோட்டாரை உதைத்தார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவரை நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம். ஓர் ஆண்டில் எத்தனை 'போடி' என்று நான்தான் கணக்குப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். நீங்கள் எழுதுகோலை வைத்துவிட்டீர்களே, எடுத்துக்கொள்ளுங்கள்.

மார்கழி முப்பது நாளும் விடியற்காலையில் மாரியம்மன் கோவிலில் பதிகம் பாட நடுநாயகமாக உட்காருபவள் நான். பதினாறு ஆண்டாக அப்படித்தான். ஆகவே அந்த மாதம் விடியலில் ஐயாவுக்குத் துணை வேலம்மாதான். கார்த்திகைக் கடைசி நாள் மாலையில் அவள் என்னிடமிருந்து பொறுப்பை ஏற்க வந்தாள். இரவு அங்கேயே தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அவளிடம் சொன்னேன்:

"நாளைக்கு மார்கழி பொறக்குது வேலம்மா. வாசல்ல பெருசா கோலம் போடு. ஐயாவ வெளிய உக்கார வச்சுட்டுப் போடு. அவர் பாக்கட்டும்."

"எனக்குப் புள்ளி தப்பும்க்கா."

"தப்புனா ஐயா 'போடி'ன்னு சொல்லுவாரு."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, நீங்ககூட ஜோக் அடிப்பீங்களா?" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள்.

அவள் அரிசி மாவு எடுக்க உள்ளே போனபோது, மின்சாரம் நின்றால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவத்தியை எடுத்து, அண்டைக் கட்டைகள் இரண்டின் அடியிலும் தேய்த்தேன். கண்ணாடி போல் வழவழப்பாகும் வரை தேய்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஈரச் சிமெண்டில் மெழுகு என்ன செய்யும் என்று தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோலம் போடுகிறவள் முதுகைக் காட்டிக் குனிந்திருப்பாள் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மெழுகு பூசியது கார்த்திகையில். மார்கழியில் நான் எதையும் தொடங்கவில்லை.

மறுநாள் விடியலில் கோவிலில் முப்பது பேருக்கு நடுவே உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கிக் குழாய் கிராணி வீட்டுப் பக்கம்தான் திரும்பியிருக்கும். ஐயா கேட்கட்டும் என்று நான்தான் சில ஆண்டு முன் திருப்பி வைக்கச் சொன்னேன். எனவே அந்த நேரத்தில் அவர் கேட்டுக்கொண்டிருந்தது என் குரலைத்தான். அது எனக்கு இன்றும் ஆறுதலாக இருக்கிறது.

எட்டாம் பாட்டில் இருக்கும்போது மேலே கூச்சல் கேட்டது. சிலர் எழுந்து ஓடினார்கள். பதிகத்தை நடுவில் முறிக்கக் கூடாது. பதினொன்றையும் பாடி முடித்து, திருநீறு பூசிக்கொண்டு ஏறினேன்.

வாசலில் கோலம் முக்கால்வாசி முடிந்திருந்தது. பெரிய கோலம், புள்ளி தப்பவில்லை. அதன் குறுக்கே இரண்டு கோடுகள், தாளில் கோல் வைத்துக் கிழித்தது போல் நேராக, படி வரை போயிருந்தன. கட்டைகளைத் தேடி எடுத்தேன். ஒன்று வாய்க்காலில் கிடந்தது, மற்றொன்று படியோரம். முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினேன். அவை இப்போது என் அடுப்படியில் இருக்கின்றன. எரிக்கவில்லை. மார்கழியில் விறகு வெட்டுவதில்லை, எரிப்பது மட்டும் எதற்கு என்று வைத்துவிட்டேன்.

படியின் அடியில், தேயிலைச் செடி ஓரத்தில், வேலம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மாவு படிந்த அவள் கைகளின் சுவடு அவர் கன்னங்களில் வெள்ளையாகப் பதிந்திருந்தது. அம்சவல்லி தோட்டத்து வண்டியை அழைக்க ஓடியிருந்தாள். ஓடி வந்தவர்கள் கட்டில் எடுத்துவர வீட்டுக்குள் போயிருந்தார்கள். வேலம்மாவைப் பார்த்து, "தண்ணி கொண்டா" என்றேன். அவள் அவர் தலையை என் மடிக்கு மாற்றிவிட்டு ஏறினாள். அப்போது அவருக்கு உயிர் இருந்தது. கண் திறந்து என்னைப் பார்த்தார். இடக்கை விரல் அசைந்தது. ஏதோ பிழை கண்டுவிட்டார் என்று குனிந்தேன்.

"வேலம்மா எங்க" என்றார்.

இரண்டு சொல். எனக்கென்று அவர் பேசிய இரண்டு சொல். முதற்சொல்லும் அவளுக்கு, கடைச்சொல்லும் அவளுக்கு. நான் பாடத் தொடங்கினேன். அவள் தண்ணீரோடு வந்தபோது அவர் அடங்கியிருந்தார்.

கடைசியில் அப்பா என்ன சொன்னார் என்று அம்சவல்லி கேட்டாள். "சிவ சிவ என்றார்" என்று சொன்னேன். அதைப் பொய் என்று நான் எண்ணவில்லை. ஏட்டில் எழுதுகிறவன் கை பிசகிய இடத்தில், படிக்கிறவர் சரியான பாடத்தை வைத்துப் படிப்பதில்லையா? ஐயா வாழ்நாளெல்லாம் என்னைத் திருத்தினார். நான் அவரை ஒரே ஓரிடத்தில் திருத்தினேன்.

காவல் அதிகாரிகள் வேலம்மாவை விசாரித்தார்கள். "கட்டைய வச்சேன் சார், ரெண்டையும் வச்சேன், எங்க அம்மா மேல சத்தியமா வச்சேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கட்டைகள் அங்கே இல்லை. ஆகவே வைக்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். தை பிறந்தால் அவள் மேல் வழக்கு. கவனக்குறைவால் உயிர்ச்சேதம் என்றால் சிறை உண்டாம். அவள் என்னிடம்தான் வந்து அழுதாள். "அக்கா, நா வச்சேன்தானே? எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு." அவள் தலையைத் தடவிக் கொடுத்து, "வச்சிருப்பம்மா. சரியா வச்சிருக்க மாட்ட" என்றேன். இப்போது அவள் யாரோடும் பேசுவதில்லை என்கிறார்கள். கருப்பையா லோரியில் போகும்போது அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போகிறான். வீட்டில் தனியே விட அஞ்சுகிறான். ஒரு துணை இல்லாமல் அவளை விட முடியவில்லை பாருங்கள்.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

இப்போது உங்கள் நிறுவனத்துக்கு நான் எழுதிய அந்தக் கடிதம். இங்கே கொடுங்கள். ஆம், என் கையெழுத்துத்தான். மேலே பிள்ளையார் சுழியும் நான் போட்டதுதான்.

ஈப்போவில் உங்கள் அலுவலகத்தில் தமிழ் மாதம் தெரிந்தவர்கள் இல்லாததால் இது பல மேசைகளில் சும்மா கிடந்தது என்றீர்கள். உங்கள் கைக்கு வந்ததும் நீங்கள் முதலில் பார்த்தது உறையை. அஞ்சலக முத்திரையில் இருந்த தேதி, சாவுக்கு முந்தின நாள். பிறகு உள்ளே பார்த்தால், என் கையால் எழுதிய தேதியும் அதுவே: ருத்ரோத்காரி ஆண்டு கார்த்திகைக் கடைசி நாள். இதை எப்படி விளங்கிக்கொள்வது என்று கேட்கிறீர்கள்.

இதில் மர்மம் இல்லை. மார்கழியில் வீடு குடிபுகுவதில்லை; பெண் பார்ப்பதில்லை; புதிதாக எந்த எழுத்தும் தொடங்குவதில்லை. நானோ அந்த முப்பது நாளும் கோவிலைத் தாண்டி, டவுனுக்கு இறங்குவதில்லை என்று நேர்ந்துகொண்டவள். பத்திரமோ பதினான்கு நாளுக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. நோன்பையும் காக்க வேண்டும், பத்திரத்தின் விதியையும் காக்க வேண்டும். ஆகவே கார்த்திகைக் கடைசி நாளில் நல்ல நேரம் பார்த்து எழுதி, தானா ராத்தாவுக்குப் போய் அஞ்சலில் சேர்த்துவிட்டு வந்தேன். எழுதிய நாளைத்தான் தேதியாகப் போட்டேன். பொய்த் தேதி போடுவது என் வழக்கமில்லை. உறையின் மேல் முத்திரை குத்துவார்கள் என்பதை நான் எண்ணவே இல்லை. எண்ணியிருந்தாலும் மார்கழியில் எழுதியிருக்க மாட்டேன்.

நீங்கள் இன்னொன்று கேட்டீர்கள். அதற்கு இப்போது வருகிறேன். நாற்காலி ஒரு முழம் நகர்ந்து வேலம்மா பயந்தால் போதும், ஐயாவுக்கு ஒரு கீறல் பட்டால் போதும் என்றுதானே நினைத்திருப்பீர்கள் என்று கேட்டீர்கள். எனக்கு ஒரு வழி திறந்து விடுகிறீர்கள். உங்கள் நல்ல மனம் தெரிகிறது. நானும் சில நாள் அப்படித்தான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் கடிதத்தைப் படியுங்கள். நானே படிக்கிறேன்.

'மார்கழி முதல் நாள் விடியற்காலையில், மாற்றுத் துணையான வேலம்மா அண்டைக் கட்டையைச் செவ்வனே வைக்கத் தவறியமையால், திரு. சிவசாமி அவர்கள் நாற்காலியோடு படிகளில் உருண்டு, இறைவன் திருவடி எய்தினார்.'

'காயமுற்றார்' என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். எழுதுகோலை மசியில் தோய்த்துவிட்டு, வெகுநேரம் யோசித்தேன். காயம் ஆறிவிடும். ஆறினால் அவள் பெயர் பத்திரத்தில் இல்லாவிட்டாலும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவாள். அம்சவல்லி வாசலில் நிறுத்தமாட்டாள். அவள் கட்டிலருகே நின்று ஏதாவது சொல்லுவாள். அவர் சிரிப்பார். 'போடி' என்பார். நான் பக்கத்து அறையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருப்பேன். அந்தச் சொல்லுக்கு அந்த இடத்தில் ஓசை சரிப்படவில்லை. அடித்துவிட்டு, 'திருவடி எய்தினார்' என்று எழுதினேன். வாக்கியம் நிறைந்தது.

எனவே, ஆம். சிவசாமி ஐயாவைக் கொன்றது நான். அவர் இறக்க வேண்டும் என்றே செய்தேன். வேலம்மா இரண்டு கட்டைகளையும் வைத்தாள், சரியாகவே வைத்திருப்பாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். மார்கழியில் புதிய தாளில் கையெழுத்துப் போடலாமா என்று ஒரு தயக்கம் இருந்தது. இது தொடக்கம் அன்று, முடிவு. முடிப்பதற்கு மார்கழி தடையில்லை.

கட்டைகள் அடுப்புக்கு வலப்பக்கம், உரச்சாக்கின் அடியில். போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். உங்களோடு வந்து கீழே காத்திருக்கும் காவலரை மழையில் நிறுத்த வேண்டாம், திண்டாடிப் போவார். உள்ளே வரச் சொல்லுங்கள்.

சற்றே பொறுங்கள். பொழுது சாய்ந்துவிட்டது, விளக்கேற்ற வேண்டும். எண்ணெய் இருக்கிறது. திரியை நேற்றே திரித்து வைத்தேன். இதோ, அம்மன் முகம் தெரிகிறது. பத்திரத்தின் மஞ்சள் மூலையும் தெரிகிறது. இன்றைக்குரிய பாட்டு ஒன்றே ஒன்று பாக்கி. அதைப் பாடிவிட்டு வருகிறேன். பிழை வந்தால் சொல்லுங்கள். இப்போது அதைச் சொல்ல யாருமில்லை.

கையை நீட்டுங்கள். இந்தத் திருநீற்றைத் தாளில் மடித்து, வீடு சேர்ந்ததும் உங்கள் தாயார் நெற்றியில் இட்டுவிடுங்கள். நல்ல துணை ஒன்று பக்கத்திலிருக்க, நோய் நீங்கி, அவர் நெடுங்காலம் வாழட்டும்.